முத்திரையிட்ட விடைகள்

மருத்துவம் கற்பிக்க வருவோரிடம் சான்றிதழ் எங்கே என்று கேட்கிறோம். பாலம் கட்டும் கலையைக் கற்பிக்க வருவோரிடமும் கேட்கிறோம். கேட்பது முறையே. சான்றிதழ் என்பது, கற்றோர் அவை மற்றோர்க்குத் தரும் வாக்குறுதி. "இவரைச் சோதித்தோம், தேறினார், தேறாதிருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம்" என்ற அந்த வாக்கை நம்பித்தான் நோயாளி கத்தியின்கீழ்ப் படுக்கிறான், அந்த வாக்கை நம்பித்தான் ஆற்றின் குறுக்கே வண்டியை ஓட்டுகிறோம்.

ஆண்டவன் உண்டு, ஏசுநாதர் கல்லறையினின்று எழுந்தது உண்மை, மறைநூலில் பிழை இல்லை என்று வாதாடும் கலையைக் கற்றுக்கொடுப்போருக்கும் இப்படி ஒரு சான்றிதழ் உண்டு. அதற்கெனப் பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, கட்டணமும் உண்டு என்று சொன்னால், நம் இளந்தோழர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் இது நின்று நோக்கத்தக்க செய்தி. கேள்வி கேட்பவனைக் கண்டு கதவடைத்த மதம், இன்று கேள்விக்கு விடையளிக்க ஆசிரியர்களைப் பழக்குகிறது என்றால், அதன் பொருள் என்ன? அந்தச் சான்றிதழ் எதற்குச் சான்று? அதனைப் பெற்று மேடை ஏறுபவர்முன், நெஞ்சு நிறைய ஐயத்தோடு வந்து அமர்ந்திருக்கிறானே பதினெட்டு வயது இளைஞன், அவன் எதைப் பெற்றுச் செல்கிறான்?

மேனாட்டார் இக்கலைக்கு அப்பாலஜெடிக்ஸ் என்று பெயரிட்டுள்ளனர். அப்பாலஜி என்றதும் மன்னிப்புக் கோருதல் நம் நினைவுக்கு வரும். மூலப்பொருள் வேறு. கிரேக்க நாட்டு நீதிமன்றத்திலே குற்றஞ் சாட்டப்பட்டவன் எழுந்து நின்று கூறும் எதிருரைக்கு அப்பெயர். கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரில் சாக்ரடீஸ் நிகழ்த்தியது அதுவே. பிளேட்டோ எழுதிய நூலின் பெயரும் அதுவே. புதிய ஏற்பாட்டில், பேதுருவின் பெயரால் வழங்கும் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இச்சொல் வருகிறது. கேட்பவருக்குக் காரணம் கூறும் ஆயத்தம் வேண்டும், கூறும்போது பணிவும் வேண்டும் என்பது அங்குள்ள அறிவுரை. தமிழில் இதனை நாம் காப்புரை என்று கொள்வோம்.

குற்றவாளிக் கூண்டிலே பிறந்த கலை இது. இரண்டாம் நூற்றாண்டிலே ஜஸ்டின் என்பார் ரோமாபுரியில் அமர்ந்து, பேரரசன் அந்தோனினஸ் பயஸுக்கு முறையீடு எழுதினார். எங்களை ஆராயாமல் தண்டிக்காதீர் என்பது அவரது வழக்கு. அவருக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை, கி.பி. 165ஐ ஒட்டி அவர் தலை வீழ்ந்தது. காப்புரை கூறியவர் அன்று இழப்பதற்கு உயிரை வைத்திருந்தார். பின்னர்க் காலம் புரண்டது. கூண்டில் நின்றவர் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தார். இருக்கையில் அமர்ந்த பிறகும் கூண்டிலிருந்து பேசுவதுபோலவே பேசக் கற்றுக்கொண்டார்! இக்கலையின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு வேடத்துக்குள் அடங்கிவிடும் என்றுகூடச் சொல்லலாம்.

இன்று இக்கலை கொழித்து வளரும் நாடு அமெரிக்கா. கலிபோர்னியா மாநிலத்தில் பயோலா பல்கலைக்கழகம் என்றொன்று இருக்கிறது. 1908இல் மறைநூற் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. தோற்றுவித்தவருள் ஒருவர் எண்ணெய்ச் செல்வர் லைமன் ஸ்டூவர்ட். 1910 முதல் 1915 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்து, 'அடிப்படைவாதம்' என்ற சொல்லுக்கே பிறப்பிடமான வெளியீடுகளுக்குப் பணம் ஈந்தவரும் அவரே. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த எண்ணெயிலே விண்ணுக்கு விளக்கேற்றியவர்! அந்தப் பயோலாவிலே கிறித்துவக் காப்புரையில் முதுகலைப் பட்டம் தருகின்றனர். பட்டம் வேண்டாதார்க்குச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. தென்பகுதி பாப்டிஸ்ட் சபையாரின் வட அமெரிக்க மிஷன் வாரியம், 'சான்று பெற்ற காப்புரைப் பயிற்றுநர்' என்றே ஒரு தகுதியை வகுத்து ஆட்களைப் பழக்கி வந்தது. சபைதோறும் சென்று வகுப்பெடுக்கும் உரிமைச் சீட்டு அது.

என்ன படிக்கிறார்கள்? உலகம் தோன்றியதென்றால் தோற்றுவித்தவன் வேண்டும் என்ற வாதம். இயற்கையின் அளவைகள் உயிர் வாழ ஏற்றவாறு அமைந்திருப்பதால் அமைத்தவன் உண்டு என்ற வாதம். நன்மை தீமை என்ற வேறுபாட்டிலிருந்து நீதிபதி ஒருவனை வருவிக்கும் வாதம். கல்லறை வெறுமையாய் இருந்தது பற்றிய வரலாற்று வாதம். முதலில் சொன்னதைப் புதுப்பித்து 1979இல் நூலெழுதிப் புகழ்பெற்றவர் வில்லியம் லேன் கிரேக். அதற்கு அவர் வைத்த பெயர் 'கலாம்' வாதம். கலாம் என்பது இடைக்கால இஸ்லாமிய அறிஞர்கள் வளர்த்த தருக்க இறையியலின் பெயர். அல்லாவுக்காகத் தீட்டிய வாளை ஏசுவுக்காகச் சுழற்றுகின்றனர் என்றால், வாள் யாருக்கும் சொந்தமில்லை என்பது விளங்கும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இந்தப் பயிற்சியினால் நன்மை ஏதும் இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. "கேட்காதே, நம்பு" என்ற பழைய அதட்டலைவிட, "கேள், சொல்கிறேன்" என்பது உயர்ந்தது. ஹியூமையும் ரஸ்ஸலையும் பெயரளவிலேனும் அறிந்த பாதிரியார், அறியாத பாதிரியாரைவிட மேலானவர். மாற்றாரின் நூலைத் திறக்கச் செய்யும் எந்த ஏற்பாட்டையும் பகுத்தறிவாளன் இகழத் தேவையில்லை. திறந்த பக்கம் என்றைக்கேனும் தன் வேலையைச் செய்யும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தேர்வு என்றால் தோல்வியும் இருக்க வேண்டும். எந்த விடை எழுதினால் தோல்வி என்பதைக் கொண்டே ஒரு தேர்வின் இயல்பை அறியலாம். நிலவியல் மாணவன் ஒருவன், பாறையின் வயது பற்றித் தன் பேராசிரியர் சொன்னது தவறென்று சான்றுகளுடன் மெய்ப்பித்தால், அவனுக்குப் பரிசு கிடைக்கும். பேராசிரியர் முகம் சுளித்தாலும் கிடைக்கும். காப்புரைப் பள்ளியின் மாணவன் ஒருவன், அனைத்து வாதங்களையும் எடைபோட்டு, "வழக்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்று காண்கிறேன்" என்று எழுதினால் அவன் கையில் என்ன தருவார்கள்? அவன் எடைபோட்டது எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், பயிற்றுநர் என்ற முத்திரை அவனுக்குக் கிட்டாது. முடிவு முன்னமே எழுதப்பட்டுவிட்டது. வழியை மட்டும் மாணவன் நிரப்ப வேண்டும். முடிவை மாற்றாமல் வழியை அழகுபடுத்தும் திறமைக்குத் தரப்படும் தாள் அது. வழக்கறிஞர் தொழிலில் இது குற்றமன்று. அவரும் கட்சிக்காரருக்காகவே வாதாடுகிறார். ஆனால் வழக்கறிஞர் தம்மை நீதிபதி என்று சொல்லிக்கொள்வதில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே மன்றத்தில் நிற்கிறார். தீர்ப்பு இருவர் கையிலும் இல்லை. காப்புரை வகுப்பிலோ எதிர்த்தரப்பு வழக்கறிஞராக வேடமிடுபவரும் அதே சபையின் ஆசிரியர். தீர்ப்பு வாசிப்பவரும் அவரே.

"கற்பனையாகக் குறை சொல்கிறீர்" என்பார்க்கு, நடந்த ஒன்றைச் சொல்வேன். மைக்கேல் லிக்கோனா என்ற அறிஞர், மேற்சொன்ன வட அமெரிக்க மிஷன் வாரியத்தில் காப்புரைத் துறையின் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். அதாவது, காப்புரையாளரைப் பழக்கும் துறைக்கே பொறுப்பாளர். 2010இல், ஏசுவின் உயிர்த்தெழுதல் வரலாற்று நிகழ்ச்சியே என்று வாதிட்டு எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்றை வெளியிட்டார். கவனியுங்கள்: மறுத்து எழுதவில்லை, ஆதரித்து எழுதினார். அந்த நூலில் ஓரிடத்தில், மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தேழாம் அதிகாரத்தில் வரும் ஒரு செய்தியை அவர் ஆராய நேர்ந்தது. ஏசு இறந்தபோது கல்லறைகள் திறந்தன, மாண்ட தூயோர் பலர் எழுந்தனர், பின்னர் நகருக்குள் சென்று பலருக்குக் காட்சி தந்தனர் என்பது அச்செய்தி. வேறு எந்தச் சுவிசேஷமும் இதனைக் கூறவில்லை. மாண்டவர் கூட்டமாக நகரவீதியில் உலாவினரென்றால் ஒருவராவது எழுதிவைத்திருக்க மாட்டாரா? பெருமக்களின் மரணத்தின்போது இயற்கை நடுங்கியதாக எழுதும் மரபு அக்கால ரோமாபுரி நூல்களில் உண்டு. இதுவும் அத்தகைய கவிதைநடையாக இருக்கலாம் என்று லிக்கோனா எழுதினார். அதுவும் 'இருக்கலாம்' என்ற அளவில்!

போதாதா? 2011இல் புயல் எழுந்தது. நார்மன் கெய்ஸ்லர் என்ற முதுபெரும் காப்புரையாளர் பகிரங்கக் கடிதங்கள் விடுத்தார். மறைநூலில் எவ்வகைப் பிழையும் இல்லை என்று 1978இல் சிகாகோ நகரில் வரையப்பட்ட அறிக்கையில் பங்குகொண்டவர் அவர். லிக்கோனாவின் கருத்து அந்த அறிக்கைக்கு மாறானது, திருத்திக்கொள்ள வேண்டும் என்றார். பாப்டிஸ்ட் சபையாரின் தலைமைக் கல்லூரியின் தலைவர் ஆல்பர்ட் மோலரும் கண்டித்தார். அந்த ஆண்டுக்குள் லிக்கோனா மிஷன் வாரியத்திலும் இல்லை. கெய்ஸ்லர் தோற்றுவித்தவருள் ஒருவராயிருந்த இறையியற் கல்லூரியில் அவர் வகித்த ஆய்வுப் பேராசிரியர் பதவியிலும் இல்லை. வேறொரு கல்வி நிலையம் அவரைப் பின்னர் ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே அவர் செய்த குற்றம் என்ன? எழுநூறு பக்கங்களில் சபைக்காக வாதாடியவர், இரண்டு வசனங்களில் வரலாற்று ஆராய்ச்சியாளராக நடந்துகொண்டார். அவ்வளவே! இனி அந்தத் துறையில் பயிலும் மாணவர் ஒவ்வொருவருக்கும் பாடப்புத்தகத்தில் அச்சிடப்படாத ஒரு பாடம் தெரிந்திருக்கும்: ஆராய்ச்சி எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்ற பாடம். அந்தப் பாடத்தில் தேறியவர் என்பதையும் சேர்த்துத்தான் சான்றிதழ் சொல்கிறது. அது அறிவுக்குச் சான்று என்று மேடையில் காட்டப்படுகிறது. உள்ளே பணிவுக்குச் சான்றாக எழுதப்பட்டிருக்கிறது.

இது அமெரிக்க பாப்டிஸ்ட் சபைக்கு மட்டும் உரிய குணமன்று. கத்தோலிக்கத் திருச்சபையார் இதனை மறைவின்றிச் சட்டமாகவே எழுதிவைத்தனர். 1910இல் பத்தாம் பத்திநாதர், நவீனக் கொள்கைகளுக்கு எதிரான உறுதிமொழி ஒன்றைக் குருக்களும் இறையியல் ஆசிரியர்களும் எடுக்க வேண்டும் என்றார். அது 1967 வரை நீடித்தது. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 812ஆம் விதி, உயர்கல்வி நிலையங்களில் இறையியல் கற்பிப்போர் திருச்சபை அதிகாரியின் கட்டளைப் பத்திரம் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்து ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ஹான்ஸ் குங், 1978இல் கடவுள் உண்டா என்ற வினாவையே தலைப்பாக்கி மிகப்பெரிய நூலொன்றை வெளியிட்டார். பாயர்பாக், மார்க்ஸ், நீட்சே, பிராய்டு ஆகியோரை எதிர்கொண்டு, உண்டு என்று முடித்த நூல் அது. அந்த நூற்றாண்டின் கத்தோலிக்கக் காப்புரைகளுள் தலைசிறந்தவற்றில் ஒன்றாக அதனை வைக்கலாம். மறு ஆண்டு, 1979 டிசம்பரில், கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் உரிமை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. கடவுளைப் பற்றி அவர் சொன்னதற்காக அன்று. போப்பாண்டவரின் தவறாமையை அவர் ஐயுற்றதே பெருங்குற்றமாயிற்று. ஆண்டவனுக்கு வக்கீலாக இருந்தால் போதாது, அலுவலகத்துக்கும் வக்கீலாக இருக்க வேண்டும் போலும்! நல்லவேளையாகப் பல்கலைக்கழகம் அரசினுடையது. கத்தோலிக்கத் துறைக்கு வெளியே அவர் தொடர்ந்து கற்பித்தார்.

சற்றே பின்னோக்கிப் பார்த்தால் வேடிக்கை இன்னும் வளர்கிறது. கி.பி. 197ஐ ஒட்டித் தலைசிறந்த இலத்தீன் காப்புரையை எழுதிய தெர்த்துல்லியன், பின்னாளில் மோந்தானியர் என்ற பிரிவினருடன் சேர்ந்தார். பாஸ்கல் கிறித்துவத்துக்காக எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட குறிப்புகள் இன்றும் படிக்கப்படுகின்றன. அவர் ஜெஸூட்டுகளைத் தாக்கி எழுதிய கடிதங்கள் 1657இல் தடைநூற் பட்டியலில் ஏறின. ஓரிகன் என்ற மாபெரும் அறிஞர் இறந்து முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், 553இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரச் சங்கத்தை ஒட்டிச் சபிக்கப்பட்டார். இவர்களுள் ஒருவர்கூட இன்றைய பயிற்சி நிலையத்தின் விண்ணப்பத் தாளைக் கடந்து உள்ளே போயிருக்க முடியாது.

ஓரிகனைப் பற்றி இன்னும் ஒரு சொல். செல்சஸ் என்ற அறிஞர் இரண்டாம் நூற்றாண்டில் கிறித்துவத்தைக் கடுமையாகத் தாக்கி நூலெழுதினார். அந்த நூலின் படி ஒன்றுகூட இன்று இல்லை. ஆயினும் அதன் பெரும்பகுதி நமக்குத் தெரியும். எப்படி? எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதனை மறுக்க வந்த ஓரிகன், வரிவரியாக எடுத்தெழுதி மறுத்தார். மறுப்பு வாழ்ந்தது, அதன் மடியில் மறுக்கப்பட்டதும் வாழ்ந்தது. நம் நாட்டிலும் பௌத்தரின் குண்டலகேசி மறைந்தொழிய, அதனை எதிர்த்தெழுந்த சமணரின் நீலகேசியால் அதன் வாதங்கள் நமக்குத் தெரியவந்தன. மாற்றான் சொன்னதை மாற்றான் சொன்னபடியே வைத்து மறுத்த பெருந்தன்மை அக்காலத்தில் இருந்திருக்கிறது. இன்றைய பயிற்சிக் கையேடுகள் பலவற்றிலோ எதிரியின் கருத்து மூன்று வரிகளில் முடங்கிவிடுகிறது. விடை முப்பது வரிகளில் விரிகிறது. இக்கையேடுகளிலிருந்து நாத்திகத்தை மீட்டெடுக்க வேண்டிய நிலை வருங்காலத்துக்கு நேருமானால், வைக்கோல் பொம்மையைத்தான் மீட்டெடுப்பார்கள்.

இப்படிப் பழக்கிய பயிற்சி, பழகாத எதிரியைச் சந்திக்கும்போது என்ன ஆகும்? வடநாட்டு ஆக்ரா நகரில் 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில் அது நடந்தது. ஜெர்மானியரான கார்ல் ஃபாண்டர், பாசல் மிஷன் பள்ளியில் 1820க்குப்பின் பயிற்சி பெற்றவர். இஸ்லாத்தை மறுத்து அவர் எழுதிய நூல் பல மொழிகளில் பரவியிருந்தது. பாரசீகமும் உருதுவும் அறிந்தவர். கைதேர்ந்த காப்புரையாளர் என்றால் அவர்தாம். அவரை எதிர்த்து மேடையேறியவர் மௌலானா ரஹ்மத்துல்லா. துணை நின்றவர் டாக்டர் வசீர் கான் என்ற மருத்துவர். ஃபாண்டர் எதிர்பார்த்தது குர்ஆன் வசனங்களை. வசீர் கான் கொண்டுவந்ததோ ஐரோப்பிய நூல்களை! மேனாட்டறிஞரே பைபிளின் ஏடுகளை ஒப்புநோக்கி, இங்கே பாடபேதம், அங்கே இடைச்செருகல் என்று எழுதிய ஆராய்ச்சிகள் அவை. ஃபாண்டர் பள்ளியை விட்டுப் பத்தாண்டுகள் கழித்து, 1835இல், டேவிட் ஸ்டிராஸ் ஏசுவின் வாழ்க்கையை ஆராய்ந்து ஜெர்மனியையே குலுக்கியிருந்தார். தம் தாய்நாட்டில் தம் தாய்மொழியில் எழுந்த ஆராய்ச்சி, யமுனைக் கரையில் ஓர் இந்திய மருத்துவர் வாயிலாகத் தம்மை எதிர்கொள்ளும் என்று ஃபாண்டர் கருதியிருக்கவில்லை. ஏடுகளில் பாடபேதங்கள் உண்டு என்று அவர் ஒப்பினார். கொள்கைக்குப் பழுதில்லை என்றார். ஒப்பியது போதும் என்றனர் மறுதரப்பார். விவாதம் இரண்டு நாட்களோடு நின்றது.

ஃபாண்டர் அறிவிற் குறைந்தவரல்லர். அவரை வீழ்த்தியது அவரது பயிற்சி. எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே வகுத்து, அதற்கு விடையும் வகுத்துத் தந்த பயிற்சி, வகுக்காத கேள்வி வந்தபோது கையை விரித்தது. நம் தோழர்கள் கைதட்ட முந்த வேண்டாம். வென்ற ரஹ்மத்துல்லா, பைபிளை அளந்த அதே கோலால் தம் மறையையும் அளந்தாரா? இல்லை. ஐரோப்பியரின் ஆராய்ச்சி அவருக்குக் கருவி. எதிரியின் வீட்டை இடிக்க மட்டும் எடுத்த கடப்பாரை. பின்னர் அவரும் ஒரு பெருநூல் எழுதினார். அது இன்றளவும் இஸ்லாமியக் காப்புரையாளர்க்குப் பாடநூல். இப்படியாக ஒரு விவாத மேடையிலிருந்து இரண்டு பயிற்சிப் பள்ளிகள் கிளைத்தன.

இங்கிலாந்தின் கதை வேறு சுவை. வில்லியம் பேலி 1794இல் கிறித்துவத்துக்குச் சான்றுகள் திரட்டி ஒரு நூல் எழுதினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அந்நூல் கட்டாயப் பாடமாயிற்று; இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னும் தேர்வுப் பட்டியலில் அது இருந்தது. ஒரு நாட்டின் மேற்குடி இளைஞரெல்லாம் காப்புரையில் தேர்வெழுதித் தேறினர். சுருக்கங்களும் வினாவிடைக் குறிப்புகளும் அச்சாகி விற்றன. ஐயத்தையும் தீர்வையும் ஒருங்கே மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் இரண்டையும் மறந்தனர். 1856 வரை, ஆங்கிலத் திருச்சபையை ஏற்றுக் கையெழுத்திடாதவனுக்கு அங்கே இளங்கலைப் பட்டமே இல்லை. இந்த ஏற்பாட்டில் 1831இல் தேறியவர்களுள் ஒரு மாணவர் பேலியின் தருக்கத்தில் மனம் பறிகொடுத்தவர். நூல் முழுவதையும் பிழையின்றி ஒப்புவித்திருப்பேன் என்று முதுமையில் தம் வரலாற்றில் நினைவுகூர்ந்தவர். பெயர் சார்லஸ் டார்வின். காப்புரைத் தேர்வு உலகுக்கு அளித்த மிகச் சிறந்த மாணவர் அவரே என்று நான் சொல்வதைப் பள்ளி நடத்துவோர் ஏற்கமாட்டார்கள். ஆனால் பேலியிடமிருந்து அவர் கற்றது வீணாகவில்லை. ஓர் உறுப்பு எதற்காக அமைந்திருக்கிறது என்று கூர்ந்து கேட்கும் பழக்கத்தைப் பேலி தந்தார். விடையை டார்வின் தாமே தேடினார். கேள்வியைப் பெற்றுக்கொண்டு விடையைத் திருப்பித் தந்த மாணவர்!

இவ்வளவும் அறிவைப் பற்றி. ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் சான்றிதழ் ஆளுக்குத்தான் தரப்படுகிறது. நம் சென்னையில் 1946இல் பிறந்து, டில்லியில் வளர்ந்து, கனடா சென்று, அமெரிக்காவில் புகழ் கொடிகட்டிப் பறந்த ரவி சக்கரியாஸ், தம் பெயரால் 1984இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். கண்டங்கள்தோறும் கிளைகள், ஆக்ஸ்போர்டில் காப்புரை மையம், ஜார்ஜியா மாநிலத்தில் பயிற்சிக் கழகம் என்று அது விரிந்தது. காப்புரையாளரைப் பழக்கும் உலகப் பள்ளி என்றே அதனைச் சொல்லலாம். அவர் பயின்று பெற்ற முனைவர் பட்டம் ஏதும் இல்லை. பெற்றவை மதிப்புறு பட்டங்கள். ஆயினும் நெடுங்காலம் 'டாக்டர்' என்றே விளம்பரப்படுத்தப்பட்டார். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு தொடர்புகள் பற்றி அவர் சொல்லிக்கொண்டவையும் கேள்விக்குள்ளாகி, பின்னர்த் திருத்தப்பட்டன. 2020 மே மாதத்தில் அவர் இறந்தார். அவரது அமைப்பே அமர்த்திய வழக்கறிஞர் குழு 2021 பிப்ரவரியில் தந்த அறிக்கை, உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்த பெண்கள் பலரிடம் அவர் பல ஆண்டுகள் நடத்திய பாலியல் கொடுமைகளை வெளிப்படுத்தியது. அமைப்பின் ஆட்சிக்குழு மன்னிப்புக் கேட்டது. அதற்கு முன்னர், குற்றச்சாட்டு எழுந்தபோதெல்லாம், அது அவரையே நம்பியிருந்தது.

ஒருவன் ஒழுக்கங்கெட்டவன் என்பதால் அவன் வாதம் பொய்யாகிவிடாது. அப்படிச் சொல்வது தருக்கமன்று. நம்முள் சிலர் அப்படிச் சொல்லிக் குதூகலித்தது அழகன்று. நான் கேட்பது வேறு. சான்று தேடுவது எப்படி, சாட்சியை எடைபோடுவது எப்படி என்று உலகத்துக்கே வகுப்பெடுத்த பள்ளி அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லறையருகே சில பெண்கள் சொன்ன சாட்சியம் நம்பத்தக்கது என்று நிறுவுவது அதன் பாடங்களுள் தலையாயது. உயிரோடு நின்ற பெண்கள் தம் வாயால் சாட்சி சொன்னபோது மட்டும் அந்தத் தருக்கக் கருவிகள் எங்கே போயின? அந்தப் பெண்களுக்குச் செவிசாய்த்து ஆராய்ந்தவர்கள் வெளியே இருந்த செய்தியாளர்கள். சான்றிதழ் வழங்கிய ஆசான்கள் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் நம் தமிழில் வேதியர்களுக்கென, அதாவது மறை கற்பிக்கும் துணையாளர்களுக்கென, ஒரு நூல் எழுதினார். 'வேதியர் ஒழுக்கம்' என்று பெயர். கற்பிப்பவனிடம் வாதத்திறனுக்கு முன்னே நடத்தையைக் கேட்டது அந்தத் தலைப்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு, நம் பக்கம் எல்லாம் நேர் என்று எண்ணும் தோழர் இருப்பாரானால், அவருடைய குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மதவாதி இப்படிக் கேட்டால் இப்படிச் சொல் என்ற இரண்டு பத்திக் கணக்கு அதில் இருக்கும். கேட்கும் பக்கம் ஒரு வரி; சொல்லும் பக்கம் பத்து வரி. பகுத்தறிவுப் பேச்சாளர்க்குப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும். ஆனால் நாத்திகனாக ஆவதற்கு முன்பே நாத்திகத்துக்கு வாதாடப் பழகிவிட்ட இளைஞனை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு ஐயமே வந்ததில்லை. ஐயம் வராதவன் பிறர் ஐயத்தைத் தீர்க்கக் கிளம்பினால் அவனும் காப்புரையாளனே. சட்டையின் நிறம்தான் வேறு.

எனவே ஒரு வினாத்தாளைப் பரிந்துரைக்கிறேன். எந்தப் பயிற்சி நிலையமும் எடுத்துக்கொள்ளலாம். வினாக்கள் இரண்டே. முதலாவது: உம் எதிரியின் மிக வலுவான வாதத்தை, அவரே படித்துக் கையெழுத்திடும்படி எழுதுக. இரண்டாவது: சென்ற ஆண்டு வரை நீர் மேடையில் சொல்லிவந்து, ஆராய்ந்தபின் கைவிட்ட உம் வாதம் ஒன்றைக் குறிப்பிட்டு, ஏன் கைவிட்டீர் என்று விளக்குக. முதல் வினாவுக்கு ஓரிகன் முழு மதிப்பெண் பெற்றிருப்பார். இரண்டாம் வினாவுக்கு லிக்கோனா உண்மையான விடையை எழுதினார். அதற்கு அவருக்குக் கிடைத்த மதிப்பெண் என்னவென்று பார்த்தோம். லா மிராடாவிலுள்ள வகுப்பறையில் இத்தாளைக் கொடுத்தால் எத்தனை பேர் வெற்றுத்தாளாகத் திருப்பித் தருவார்கள் என்று அறிய ஆவலாயிருக்கிறது. வரும் கோடைப் பயிற்சி வகுப்பிலே நம் தோழர்களிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.